ஆலிவர் ஸ்டோனின் ‘அலெக்சாண்டர்’: ஜெயித்தவன் கதையை எங்கே நின்று சொல்வது?

பாளை வாசகன் (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் வாசகர் வட்டத்தில் மாதம் ஒரு படம் போட்டுப் பேசுகிறோம். இந்த மாதம் ஆலிவர் ஸ்டோன் எடுத்த ‘அலெக்சாண்டர்’ (2004). கோலின் ஃபாரல், ஏஞ்சலினா ஜோலி, வால் கில்மர், ஆந்தனி ஹாப்கின்ஸ் நடித்தது, வாஞ்செலிஸ் இசை. இதே படம் நாலு விதமான நீளத்தில் கிடைக்கிறது. எதைப் போடலாம் என்று பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கூடவே ஒரு விஷயம் பேச வேண்டும். இருபது வயதில் பட்டத்துக்கு வந்து, கி.மு. 323-ல் 32 வயதில் பாபிலோனில் கண்ணை மூடியவர் அலெக்சாண்டர். அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் கிரேக்கத்திலிருந்து பஞ்சாப் வரை போய்விட்டார். அவருடைய அம்மா, அப்பா, நண்பன், குதிரை எல்லோரும் படம் முடிந்த பிறகும் மனசில் நிற்கிறார்கள். அவர் போன ஊர்க்காரர்கள் ஒருவர் முகமும் எனக்கு நினைவில்லை. ஜெயித்தவன் வாழ்க்கையைச் சொன்னால் இப்படித்தான் ஆகுமா? வேறு மாதிரி எடுக்க வழியே இல்லையா? இதைப் பேசாமல் படத்தை மட்டும் போட்டுக் கலைந்துபோக எனக்கு மனசில்லை.

கொக்கிரகுளம்

முதலில் நீளம். தியேட்டரில் வந்தது 175 நிமிஷம். 2005-ல் வந்த டைரக்டர்ஸ் கட் அதைவிடக் குறைவு, 167 நிமிஷம். 2007-ல் ‘ஃபைனல் கட்’ என்று 214 நிமிஷம். அதற்குப் பிறகும் விடாமல் 2014-ல் ‘அல்டிமேட் கட்’ என்று 206 நிமிஷத்தில் ஒன்று கொண்டுவந்தார். என்னைக் கேட்டால் 2014-ல் வந்ததைப் போடுங்கள், நடுவில் டீ இடைவேளை விட்டு. குறைந்த நீளத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் பாதிப் பேர் இது மோசமான படம் என்று சொல்கிறார்கள். பெரிய வடிவங்களில், பாரசீகர்களோடு நடக்கும் காகமேலா போர் சீக்கிரமே வந்துவிடுகிறது. அதன் பிறகு படம் முன்னும் பின்னும் போவது சிக்கலாகத் தெரியவில்லை.

அந்தக் காகமேலாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கி.மு. 331, இன்றைய வட இராக். மொராக்கோவில் எடுத்திருக்கிறார்கள். பெரிய போர்க் காட்சி என்றால் பொதுவாக யார் எந்தப் பக்கம் என்றே புரியாது. இதில் மாசிடோனிய இடது, நடு, வலது என்று திரையில் எழுத்துப் போட்டுக் காட்டுகிறார். ஒரு கழுகு மேலே பறக்க, அதன் கண்ணில் மொத்தக் களமும் தெரிகிறது. இடது பக்கம் தளபதி பர்மீனியன் படை நசுங்கிக்கொண்டிருக்கிறது. அலெக்சாண்டர் குதிரைப்படையோடு வலது பக்கமாக விலகி விலகிப் போகிறார். எதிரி வரிசை அவரைத் தொடர்ந்து நீண்டு, நடுவில் ஒரு இடைவெளி விழுகிறது. அதற்குள் பாய்கிறார். புத்தகத்தில் படித்தால் மண்டையில் ஏறாத வியூகம் பத்து நிமிஷத்தில் விளங்கிவிடுகிறது. வரலாற்று ஆலோசகர் ராபின் லேன் ஃபாக்ஸ் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர். குதிரைப்படைப் பாய்ச்சலில் முன்வரிசையில் தன்னையும் ஓடவிட வேண்டும் என்று கேட்டு, அதேபோல ஓடியும் இருக்கிறார். அந்தக் காட்சியில் இருக்கும் உயிருக்கு அப்படிப்பட்ட பிடிவாதமும் ஒரு காரணம்.

கரிசல்காட்டான் (சங்கரன்கோவில் பக்கம்)

காகமேலா சரி அண்ணாச்சி. ஜீலம் ஆற்றங்கரையை என்ன செய்து வைத்திருக்கிறார் பாருங்கள். கி.மு. 326. நிஜத்தில் அது ஆற்றைக் கடக்கும் கதை. மழைக்காலம், வெள்ளம், எதிர்க்கரையில் அந்தப் பக்கத்து அரசர் போரஸ் யானைகளோடு நிற்கிறார். அலெக்சாண்டர் ராத்திரிக்கு ராத்திரி படையை அங்கேயும் இங்கேயும் நகர்த்திப் போரஸை அலைக்கழித்து, கடைசியில் புயல் அடிக்கிற ராத்திரியில் வேறொரு இடத்தில் கடக்கிறார். சினிமாவுக்கென்றே செய்து வைத்த மாதிரி இருக்கிறது. படத்தில் ஆறே இல்லை. தாய்லாந்துக் காட்டுக்குள் யானைகள் வருகின்றன, வெட்டிக்கொள்கிறார்கள். அலெக்சாண்டருக்கு அம்பு பாய்கிறது, திரை முழுக்கச் சிவந்துபோகிறது. அம்பு பட்டது நிஜம்தான். ஆனால் பட்டது அங்கே இல்லை, பின்னாளில் ‘மல்லி’ என்று கிரேக்கர்கள் எழுதிய பஞ்சாப் கூட்டத்தாரின் கோட்டையில், இன்றைய முல்தான் பக்கம். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்.

போரஸுக்கு என்ன மிச்சம்? தோற்றுப் பிடிபட்ட பிறகு உன்னை எப்படி நடத்த வேண்டும் என்று கேட்டதற்கு, ‘அரசனைப் போல’ என்று போரஸ் சொன்னதாக, அலெக்சாண்டர் வரலாற்றை எழுதிய அர்ரியன் எழுதியிருக்கிறார். கிரேக்க மொழியில் எழுதியவரே விட்டுக்கொடுக்காமல் எழுதி வைத்த மரியாதை அது. இந்த இயக்குநர் அதைக்கூடக் கொடுக்கவில்லை. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

1941-ல் சோராப் மோடி எடுத்த ‘சிக்கந்தர்’ கிடைத்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள். பிருத்விராஜ் கபூர் சிக்கந்தர், மோடியே போரஸ். நாடகத்தனம் இருக்கும். ஆனால் இரண்டு பேரும் சரிசமமாக நின்று பேசுவார்கள்.

பாளை வாசகன்

கரிசல்காட்டான் சொல்வதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அலெக்சாண்டர் தன் தளபதி கிளைட்டஸைக் குடிவெறியில் ஈட்டியால் குத்திக் கொன்றது சமர்க்கண்டில், கி.மு. 328-ல். படத்தில் அது இந்தியாவில் நடக்கிறது. மூன்று மணி நேரத்துக்குள் அடக்க இடம் மாற்றுவதை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் இப்படி மாற்றும்போதெல்லாம் ‘இந்தியா’ அலெக்சாண்டருக்கு மூளை கலங்குகிற மழைக்காடாக மட்டும் ஆகிவிடுகிறது. அங்கே ஊர் இல்லை, வயல் இல்லை, வரி கட்டுகிறவன் இல்லை.

அம்பை அக்கா

தம்பி, உன் கேள்விக்கு நம் ஊரிலேயே ஒரு பதில் இருக்கிறது. நான் சின்ன வயசிலிருந்து கோயில் கொடை (சாமிக்கு எடுக்கிற திருவிழா) தவறாமல் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவள். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நம் பக்கம் வில்லில் பாடுகிற மனிதக் கதைகளை யோசித்துப் பார். முத்துப்பட்டன் கதை. பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்தையன் கோயிலில் இன்றைக்கும் பட்டவராயன் என்று அவனுக்குப் பூசை நடக்கிறது. பிராமணனாகப் பிறந்து, சக்கிலியர் வீட்டுப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் கட்டி, மாமனாரின் மாட்டைக் காக்கப் போய்க் குத்துப்பட்டுச் செத்தவன். ஜெயித்து நாடு பிடித்தவனுக்கு நம் பக்கம் கொடை கிடையாது. வெட்டுப்பட்டவனுக்குத்தான் கொடை.

கதை போகிற விதமும் அப்படித்தான். பிறப்பு, வளர்ப்பு, வெட்டுப்படுவது. அதோடு முடியாது. செத்தவன் கைலாசத்துக்குப் போவான், சிவனிடம் வரம் வாங்குவான், திரும்பி வந்து தன்னைக் கொன்றவனிடமும் ஊரிடமும் கணக்குக் கேட்பான். எனக்குக் கோயில் நிலையம் போடு, பூசை கொடு என்பான். வில்லில் கோல் விழுகிற வேகம் அந்த இடத்தில்தான் மாறும். அதுவரை கதையாகக் கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்தில் யாருக்காவது அருள் வந்துவிடும். குடம் அடிக்கிறவர் கை நிற்காது. உடுக்கை ஏறும், பின்பாட்டுக்காரர் குரல் ஏறும். வில்லடித்துப் பாடுகிற புலவர் பாட்டை விட்டுவிட்டுச் சாமியோடு நேருக்கு நேர் பேச ஆரம்பித்துவிடுவார்.

இப்போது அந்தப் படத்தைப் பார். ஆரம்பமே சாவு. கையிலிருந்து மோதிரம் விழுகிறது. ஏன் சாவில் ஆரம்பிக்க வேண்டும்? ஜெயித்துக்கொண்டே போகிறவனுக்குக் கதை நிற்காது, அதனால்தான். அவன் சாகப்போகிறான் என்று முதலிலேயே சொன்னால்தான் நமக்கு அவன் மேல் ஒரு இரக்கம் வரும். இயக்குநருக்கு அது தெரிந்திருக்கிறது. ஆனால் அலெக்சாண்டர் கையால் செத்தவர்கள் யாரும் திரும்பி வந்து கணக்குக் கேட்கவில்லை. அந்த ஒரு பகுதி இருந்திருந்தால் இது வேறு படம்.

பொதிகைச் சாரல்

அக்கா, முத்துப்பட்டன் சொரிமுத்தையன் கோயிலில் இருப்பது தெரியும். கதையை இப்படிச் சேர்த்துப் பார்த்ததில்லை. அப்போ நம் ஊருக்கு வந்து ஜெயித்தவன் கதை ஒன்று படமாக ஆரம்பித்து நின்றுபோயிருக்கிறதே, ‘மருதநாயகம்’. அதை எப்படி எடுக்க வேண்டும் என்பீர்கள்?

கரிசல்காட்டான்

இதற்கு நான் பதில் சொல்கிறேன். பூலித்தேவர் ஆண்ட நெற்கட்டும்செவல் பாளையம் என் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்.

1997 அக்டோபர் 16-ல் கமல் ஹாசன் சென்னையில் அந்தப் படத்தைத் தொடங்கினார். இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத் வந்திருந்தார், முதலமைச்சர் கலைஞர் இருந்தார். நாடே பேசியது. எனக்கு அந்த நடிகர் மேல் எந்தக் குறையும் இல்லை. ஆனால் யூசுப் கான் என்கிற மருதநாயகம் எங்கள் பக்கம் யார்? கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சிப்பாய்ப்படை நடத்தியவர். 1755-ல் கர்னல் ஹெரான் வந்து பூலித்தேவர் கோட்டையைத் தொட முடியாமல் திரும்பிப் போனார். 1759-ல் யூசுப் கான் வாசுதேவநல்லூர்க் கோட்டையை அடித்தார், அதுவும் ஆகவில்லை. உள்ளே இருந்தவர்கள் தாக்குப்பிடிக்க, வெளியே நெற்கட்டும்செவலிலிருந்து பூலித்தேவர் ஆட்கள் வந்து விழ, பின்வாங்கினார். விடவில்லை. 1761-ல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்றும் போயிற்று. எங்கள் பாளையத்தின் கதை அந்த வருஷத்தோடு உடைகிறது.

பூலித்தேவர் சங்கரன்கோயிலுக்குள் போய்ச் சாமியோடு கலந்துவிட்டார் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அவர் செத்தார் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. பிடித்தவன் வாழ்க்கையைக் கோடிக்கணக்கில் செலவழித்து எடுப்பார்கள், பிடிபட்ட ஊருக்கு அதில் ஒரு போர்க் காட்சி கிடைக்கும். ஜீலம் ஆற்றங்கரையில் போரஸுக்கு நடந்ததேதான் எங்களுக்கும் நடக்கும்.

மேலப்பாளையம் வாசி

கரிசல்காட்டான் சொன்ன தேதி எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கதையை 1761-ல் நிறுத்தினால் பாதி மனிதர்தான் கிடைப்பார்.

யூசுப் கான், அதாவது நாங்கள் சொல்கிற கான்சாகிப், கடைசியில் என்ன ஆனார்? மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் குத்தகை எடுத்து நாட்டை நடத்தினார். ஆர்க்காட்டு நவாபுக்கு அடங்கிப் போக மறுத்தார். எந்தக் கம்பெனிக்காக 1758–59 சென்னை முற்றுகையில் பிரெஞ்சுக்காரர்களின் பின்பக்கத்தை அலைக்கழித்துக் கொடுத்தாரோ, அதே கம்பெனி மதுரைக் கோட்டையை வளைத்தது. 1763-ல் ஆரம்பித்து மறுவருஷம் வரை பிடிக்க முடியவில்லை. கோட்டைக்குள் கூட இருந்தவர்களே பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15-ல் தூக்கு. உடலைப் பங்கு போட்டு ஊர் ஊராக அனுப்பினார்கள், கைகள் பாளையங்கோட்டைக்கு வந்தன என்று பெரியவர்கள் சொல்வார்கள். செத்த பிறகும் அவ்வளவு பயம். மதுரை சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கமான இடத்தில் பள்ளிவாசல் இருக்கிறது.

அவருடைய ஆட்சியைப் பற்றி 1780-களில் இந்தப் பக்கம் படை நடத்திய கர்னல் ஃபுல்லர்ட்டன் எழுதியதைப் பாருங்கள். அவர் நீதியில் யாரும் சந்தேகப்படவில்லை, சொன்ன சொல் மாறவில்லை என்கிறார். எழுதியவர் கம்பெனிக்காரர், கான்சாகிப்பைக் கோட்டைக்குள் வளைத்ததும் கம்பெனிதான். இடையன்குடியில் இருந்த கால்டுவெல் பாதிரியார் 1881-ல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றிலும் கான்சாகிப் பெரிய இடம் பிடித்திருக்கிறார். நம் நா. வானமாமலை ‘கான்சாகிபு சண்டை’ கதைப்பாடலைப் பதிப்பித்தார். நாடு பிடித்தவரை மட்டும் ஜனங்கள் பாடுவார்களா? அம்பை அக்கா கணக்குப்படியே பார்த்தாலும் அவரும் வெட்டுப்பட்டவர்தான்.

அக்டோபர் 15 கான்சாகிப். அடுத்த நாள் தேதியில், 1799 அக்டோபர் 16, கயத்தாறில் கட்டபொம்மன். வருஷம் வேறு, இரண்டு தூக்குக்கும் பின்னால் நின்ற கம்பெனி ஒன்று.

கரிசல்காட்டான்

அண்ணாச்சி, அவர் செத்த விதத்துக்கு நானும் தலை வணங்குகிறேன். ஆனால் தூக்கில் தொங்கியதால் நெற்கட்டும்செவலில் செய்தது இல்லையென்று ஆகிவிடாது. படம் வந்தால் இரண்டும் இருக்க வேண்டும், இரண்டுக்கும் ஒரே அளவு நேரம் இருக்க வேண்டும். அதில் மட்டும் நான் இறங்கி வர மாட்டேன்.

மேலப்பாளையம் வாசி

அதை நானும் கேட்கிறேன். கோட்டை விழுகிற காட்சியை உள்ளே இருப்பவர்கள் கண்ணால் எடுக்கட்டும். அப்போதுதான் பின்னால் மதுரையில் அவர் கோட்டைக்குள் மாட்டிக்கொள்ளும்போது பார்க்கிறவனுக்கு உறைக்கும்.

கொக்கிரகுளம்

இப்போதுதான் உருப்படியான இடத்துக்கு வந்திருக்கிறோம். மேலப்பாளையம் அண்ணாச்சி சொன்ன அந்த ஒரு வரியை ஒரு திரைக்கதை ஆசிரியர் கையில் கொடுத்தால் போதும்.

கோட்டை என்றதும் நான் சொல்ல நினைத்தது. நம் பக்கத்துப் பாளையக் கோட்டைகள் எதையும் சினிமா ஒழுங்காகக் காட்டியதில்லை. 1959-ல் பந்துலு எடுத்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ எனக்கு மனப்பாடம். சிவாஜிக்குக் கெய்ரோவில் சிறந்த நடிகர் விருது வாங்கிக் கொடுத்த படம். ஆனால் போர்க் காட்சிகளை ஜெய்ப்பூர் பக்கம் எடுத்தார்கள். அதனால் பாஞ்சாலங்குறிச்சி என்றாலே நம் கண்ணுக்குள் கல் கோட்டையும் பெரிய மாடமும் வந்து நிற்கின்றன.

நிஜத்தில் அது மண் கோட்டை. கரிசல் மண்ணை மிதித்துக் குழைத்து எழுப்பிய சுவர், சுற்றிலும் முள்வேலி. கல் சுவரில் குண்டு பட்டால் பிளக்கும், பாளம் பாளமாக விழும். மண் சுவர் குண்டை உள்ளே வாங்கிக்கொள்ளும். உடைந்த இடத்தையும் ராத்திரியோடு ராத்திரியாக அடைத்துவிடலாம். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பித்துப் போய், இடித்துத் தள்ளியிருந்த கோட்டையைச் சில நாட்களில் திரும்ப எழுப்பிவிட்டார். அதைப் பிடிக்க வெள்ளைக்காரனுக்கு மே மாசம் ஆயிற்று. அந்தச் சண்டையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் தன் நினைவுக் குறிப்பில் இதையெல்லாம் வியந்து எழுதியிருக்கிறார். உடைப்பு வழியே ஏறி வந்தவர்களை உள்ளே நின்றவர்கள் நீள ஈட்டியால் குத்தித் தள்ளினார்கள்.

காகமேலாவில் கழுகு பறக்கிறது, மேலே இருந்து பார்த்தால் எல்லாம் அழகாகத் தெரிகிறது. அது ஜெயிக்கிறவன் பார்வை. மண் கோட்டை முற்றுகையை மேலே இருந்து எடுக்கவே கூடாது. சுவருக்கு உள்ளே, தரையில், குழைத்த மண்ணைச் சட்டியில் வாங்கி வாங்கிக் கைமாற்றுகிற ஆட்களுக்கு நடுவில் கேமராவை வைக்க வேண்டும். வெளியே பீரங்கிச் சத்தம் மட்டும் கேட்டால் போதும். இதற்குச் செலவும் பெரிதாக ஆகாது.

திசையன்விளை (இப்போது வளைகுடாவில்)

படித்துக்கொண்டே இருக்கிறேன், வேலைக்கு நேரமாகிவிட்டது. ஒரு கேள்வி. பிள்ளைகளோடு பார்க்கலாமா? மகன் எட்டாம் வகுப்பு, அலெக்சாண்டர் பாடத்தில் இருக்கிறதாம்.

கொக்கிரகுளம்

வேண்டாம் தம்பி. ரத்தம் அதிகம், வயது வந்தோருக்கான காட்சிகளும் இருக்கின்றன. காகமேலா பகுதியை மட்டும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காட்டலாம், வெட்டுக்காயங்கள் வருகிற இடம் தவிர. தாய் மகன் காட்சிகளும் அந்த வயதுக்குப் புரியாது.

பொதிகைச் சாரல்

தாய் என்றதும் நினைவு வருகிறது. தாய் ஒலிம்பியாஸாக வரும் ஏஞ்சலினா ஜோலிக்கும் மகனாக வரும் கோலின் ஃபாரலுக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். ஆனாலும் அந்தப் பாம்புகளோடு அவர் உட்கார்ந்திருக்கும் அறையில் எனக்கு நம்பிக்கை வந்தது. ஒலிம்பியாஸ் வருகிற காட்சிகள் எல்லாம் எனக்குப் பிடித்திருந்தன. மகனுக்கு நாட்டாசையை ஊட்டுவது அவர்தான், மகன் திரும்பி வராமல் தவிப்பதும் அவர்தான்.

அம்பை அக்கா

நேற்று ராத்திரி அந்த 2014 வடிவத்தை முழுசாகப் பார்த்தேன். கொக்கிரகுளம் தம்பி சொன்னது சரி, அதைத்தான் போட வேண்டும்.

டாலமி கிழவர் வருகிற கடைசிப் பகுதியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! அலெக்சாண்டர் கூடவே போன தளபதி, எகிப்துக்கு அரசனாகி, வயசான காலத்தில் எழுத்தருக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். முடிவில் உண்மை வந்துவிடுகிறது. அவனைக் கொன்றது நாங்கள்தான், எங்கள் மௌனம்தான், எங்களால் அதற்கு மேல் போக முடியவில்லை என்கிறார். சொல்லிவிட்டு உடனே, அதைத் தூக்கிப் போடு, காய்ச்சலில் செத்தான் என்று எழுது என்கிறார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பன்னிரண்டு வருஷம் கூட நடந்தவனே கதையை வெட்டுகிறான் என்றால், ஜீலம் கரையில் வயல் வைத்திருந்தவன் கதையில் எப்படி இருப்பான்? தம்பி, நீ கேட்டதற்கு ஒருவகையில் படத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது. போரஸ் ஏன் இல்லை? கதை சொல்கிறவன் டாலமி. அவனுக்குப் போரஸ் வேண்டாம். இயக்குநர் இதைத் தெரிந்து செய்தாரா என்பது வேறு. ஆனால் கூட்டத்தில் இந்தக் காட்சியை இரண்டு முறை போட்டுப் பேச வேண்டும் என்பது என் விருப்பம்.

கரிசல்காட்டான்

அக்கா சொன்ன பிறகு அந்தக் காட்சி வேறு மாதிரி தெரிகிறது. ஆனாலும் போரஸின் ஒரு வாக்கியம் இருந்திருக்கலாம் என்கிற என் எண்ணம் மாறவில்லை. கிழவர் வெட்டியதை இயக்குநர் ஒட்டிக் காட்டியிருக்கலாம். அதுக்குத்தானே சினிமா?

பாளை வாசகன்

எல்லோருக்கும் நன்றி. 2014 வடிவத்தையே போடுகிறோம். காலை பத்து மணிக்கு ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிக்கிற மாதிரி. சாயங்காலம் பேச்சு. அம்பை அக்கா கேட்டபடி டாலமி காட்சியைத் திரும்பவும் போடுவோம், அதற்கு முன்னால் அக்கா வில்லுப்பாட்டுக் கதைமுறையைப் பற்றி அரைமணி நேரம் பேச வேண்டும். மறுக்கக் கூடாது.

அடுத்த மாதம் படம் இல்லை. கரிசல்காட்டானும் மேலப்பாளையம் அண்ணாச்சியும் ஒப்புக்கொண்டால் ஒரு வேனில் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர் போய்விட்டு, வேறொரு நாள் சம்மட்டிபுரமும் போகலாம். ‘கான்சாகிபு சண்டை’ புத்தகம் யாரிடமாவது இருந்தால் எடுத்து வாருங்கள், வேனிலேயே வாசிக்கலாம். வருகிறவர்கள் இங்கேயே பேர் கொடுத்துவிடுங்கள், சாப்பாட்டுக்குச் சொல்ல வேண்டும்.